ஆயுசுக்கும் ஒரே கிட்டார்

எங்கள் செம்பாக்கம் வீட்டின் கீழ்ப் போர்ஷனில் குடியிருந்த அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் குழாயிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். அவர் வீட்டுச் சமையலறைக் குழாய் ஒழுகியது. புதுசு வாங்க, தாம்பரம் மார்க்கெட் பக்கம் பாய் ஒருவர் நடத்திய ஹார்டுவேர் கடைக்குச் சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் போனார். நானும் பல்பு வாங்க அதே கடைக்குப் போயிருந்தேன். பல்பு வாங்கி, காய்கறி வாங்கி, கரும்புச்சாறு குடித்து, அந்த வழியாகவே திரும்பி வந்தபோது அண்ணன் இன்னும் கல்லாவுக்கு எதிரே நின்று பதினோராவது குழாயைத் திருகிக்கொண்டிருந்தார்.

"சார், இது தண்ணி வர்ற கொயா சார். நீங்க இன்னாமோ ராக்கெட்டு வுடப் போறாப்ல பாத்துகினு கீறீங்க" என்றார் பாய்.

"இல்ல பாய், நாலாவது சுத்துல லேசா இடிக்குது. ஒரு தடவ வாங்குனா சாகுற வரைக்கும் இருக்கணும்ல?"

"யாரு சாவற வரிக்கும் சார்? நீங்களா, நானா?"

அண்ணன் சிரிக்கவில்லை. பன்னிரண்டாவது குழாயைக் கேட்டார். கடைசியில் ஒன்றும் வாங்காமல் என்னோடு பஸ் ஏறி வீட்டுக்கு வந்தார். அதற்கப்புறம் எட்டு மாதம் அந்த ஒழுகல் குழாயின் கீழே ஒரு நீல வாளி இருந்தது. அந்த வாளியும் எங்கள் வீட்டு வாளிதான்.

அவர் வேலையே அப்படிப்பட்டது. கார் உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனியில் தரம் பார்க்கும் இன்ஸ்பெக்டர். சட்டைப் பையில் பேனா இருக்கிறதோ இல்லையோ, ஆறு அங்குல ஸ்டீல் ஸ்கேலும் பல் டாக்டர் வைத்திருப்பது மாதிரி ஒரு குட்டிக் கண்ணாடியும் கட்டாயம் இருக்கும். சரியில்லாத எதைப் பார்த்தாலும் வாயில் வருகிற ஒரே சொல் "ரிஜெக்ட்". கல்யாண வீட்டு அப்பளத்தைக்கூட வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ரிஜெக்ட் என்று சொல்லி ஓரமாக வைத்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். நானும் சிறுசேரியில் சாஃப்ட்வேர் டெஸ்டிங்கில்தான் இருந்தேன். ஆனால் நாங்களெல்லாம் வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் ஏதோ ஒரு வழியாக எல்லாம் சரி என்று எழுதிக் கொடுத்துவிட்டு கம்பெனி பஸ்ஸைப் பிடிக்கிற ஜாதி.

இதில் வேடிக்கை என்னவென்றால், ஆயுசுக்கும் நிற்கிற பொருளை மட்டும்தான் வாங்குவேன் என்று இருந்தவர் வீட்டில், ஆயுசுக்கும் நிற்கிற பொருள் ஒன்றுகூடக் கிடையாது. நல்ல சோபா கிடைக்கும் வரைக்கும் என்று சர்ச்சிலிருந்து கொண்டுவந்த நாலு பிளாஸ்டிக் நாற்காலிகள். நல்ல கட்டில் கிடைக்கும் வரைக்கும் கோரைப்பாய். சுவர்க் கடிகாரம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் ஆணி. அந்த ஆணி மட்டும் முதல் தரம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அண்ணன் மனைவியை நாங்கள் அக்கா என்போம். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ஒருநாள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னார்: "என்னப் பொண்ணு பாக்க வந்தப்ப பத்தே நிமிஷத்துல சரின்னுட்டாரு தெரியுமா? டீ தம்ளர மட்டும் அஞ்சு நிமிஷம் திருப்பித் திருப்பிப் பாத்தாரு."

அண்ணனுக்குக் காது சிவந்துவிட்டது. "மனுஷங்கள அப்பிடிப் பாக்கக் கூடாதும்மா" என்று என்னிடம் சொன்னார். "பொருளத்தான் பாக்கணும். மனுஷன் தப்பா இருந்தா அவனே திருந்திப்பான். போல்ட்டு திருந்துமா?"

இதைக் கேட்டபிறகுதான் எனக்கு அவரை ரொம்பப் பிடித்துப் போனது. அதற்கு முன்னால் வெறும் பேஜார் பார்ட்டி என்றுதான் நினைத்திருந்தேன்.

இப்போது கிட்டாருக்கு வருகிறேன்.

அண்ணன் காலேஜில் படித்தபோது நண்பன் ஒருவனின் எலக்ட்ரிக் கிட்டார் கொஞ்ச நாள் அவர் கையில் இருந்ததாம். அதிலிருந்து அவருக்கு ஒரே ஆசை. நல்லதாக ஒரு எலக்ட்ரிக் கிட்டார், ஒன்றே ஒன்று வாங்கி, கடைசி வரைக்கும் அதையே வைத்துக்கொள்ள வேண்டும். எங்கள் சர்ச்சில் நான் கீபோர்டு வாசித்தேன். கிட்டாருக்கு ஆள் இல்லை. "அண்ணா, சும்மா ஒண்ணு வாங்கி வாசிங்கண்ணா" என்று கெஞ்சாத ஞாயிறு இல்லை. "சும்மா ஒண்ணு வாங்கறதா? வரட்டும்மா, நம்ம கிட்டார் வரட்டும்" என்பார். இப்படி ஆறு வருஷம் போனது. எங்கள் பாடகர் குழுவில் இரண்டு பேருக்குக் கல்யாணமாகிப் பிள்ளைகள் பிறந்து, அந்தப் பிள்ளைகள் ஞாயிறு பள்ளிக்கே வர ஆரம்பித்துவிட்டன.

வாங்கவில்லை என்பதற்காகத் தேடவில்லை என்று நினைத்துவிடக் கூடாது. மாதத்தில் ஒரு சனிக்கிழமை தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி நகரத்துக்குப் போவார். நான் இரண்டு மூன்று தடவை கூடப் போயிருக்கிறேன். கடைக்குள் நுழைந்ததும் கிட்டாரைத் தலைகீழாகப் பிடித்து, ஒற்றைக் கண்ணை மூடி, கழுத்து நேராக இருக்கிறதா என்று துப்பாக்கி குறி பார்ப்பதுபோலப் பார்ப்பார். பிறகு ஸ்கேலை வைத்துக் கம்பியின் உயரம். குட்டிக் கண்ணாடியை விட்டு உள்ளே வயர் பற்றவைத்த லட்சணம். அதெல்லாம் முடிந்தால்தான் உண்மையான சோதனையே தொடங்கும். கிட்டார் கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கோடுகளை ஃபிரெட் என்பார்கள். அண்ணன் பார்க்கிற கிட்டார்களில் இருபத்திரண்டு ஃபிரெட். கம்பிகள் ஆறு. ஆக நூற்று முப்பத்திரண்டு இடம். நூற்று முப்பத்திரண்டு இடத்திலும் விரல் வைத்து, ஒவ்வொன்றாக மீட்டி, கம்பி ஃபிரெட்டில் உரசி இரைகிறதா என்று கண்ணை மூடிக் கேட்பார். இரண்டாவது கம்பிக்கு வருவதற்குள் கடைப் பையன்கள் சாப்பாட்டுக்குப் போய்விடுவார்கள்.

கடைசியாக, கண்ணைத் திறந்து, ஏதாவது ஒரு பாட்டின் ஆரம்பத்தை வாசிப்பார் பாருங்கள். அடடா! எட்டு வினாடியோ பத்து வினாடியோதான். கடையே திரும்பிப் பார்க்கும். ஒருதடவை விலை விசாரிக்க வந்த ஒரு சுருட்டை முடிக்காரர், "எந்த பேண்டு சார் நீங்க?" என்று கேட்டுவிட்டார். அண்ணன் கிட்டாரைக் கீழே வைத்து, "பதினாலாவது ஃபிரெட், மூணாவது கம்பி, இரையுது. ரிஜெக்ட்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அந்தப் பத்து வினாடியை எங்கள் சர்ச்சில் வாசித்திருந்தால் கூரை பறந்திருக்கும்.

"ஏரி பக்கத்துல வீடு சார். ஈரக்காத்துக்குக் கழுத்து வளைஞ்சுக்குமா?" என்று ஒவ்வொரு கடையிலும் கேட்பார். கடைக்காரர்கள் கடவுளைக் கேளுங்கள் என்பதுபோல மேலே பார்ப்பார்கள். கிட்டார் வருவதற்கு நாலு வருஷம் முன்னாலேயே காற்றின் ஈரத்தைக் காட்டுகிற மீட்டர் ஒன்றை வாங்கி ஹாலில் மாட்டியிருந்தார். அது மட்டும் எப்படித் தேறியது என்று கேட்டேன். அதுவும் தேறவில்லையாம், பக்கத்து டிபார்ட்மெண்டிலிருந்து இரவலாம்.

உள்ளூரில் கிடைக்காது, அமெரிக்காவில் கிடைக்கும் என்று ஒரு கட்டம் வந்தது. அந்தக் காலத்தில் ஆபீசில் யார் வெளிநாடு போனாலும் திரும்பி வரும்போது எதையாவது வாங்கிவரச் சொல்லி அனுப்புவது சகஜம். என் டீம் லீடர் அங்கே மூன்று மாத வேலைக்குப் போயிருந்தார். தங்கமான மனுஷன், சரி என்றார். அண்ணன் அவருக்கு, கடையில் என்னென்ன பார்க்க வேண்டும் என்று பதினோரு பக்க மெயில் அனுப்பினார், படம் வரைந்து. டீம் லீடர் மூன்று மாதத்தை ஆறாக்கினார், ஆறை ஒரு வருஷமாக்கினார், பிறகு அங்கேயே தங்கிவிட்டார். அண்ணனின் மெயிலுக்குப் பயந்துதான் என்று நாவலூர் டீக்கடையில் எங்கள் டீமே இன்றுவரை சத்தியம் செய்யும்.

ஏழாவது வருஷம் ஒரு செவ்வாய்க்கிழமை. ஆபீசிலிருந்து வருகிறேன், கீழ்ப் போர்ஷன் வாசலில் அக்கா ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வாங்கிட்டாருடீ!"

"என்னக்கா? குழாயா?"

"கிட்டாருடீ!"

உள்ளே பிளாஸ்டிக் நாற்காலிமேல் போர்வை விரித்து, அதன்மேல் படுக்கவைத்திருந்தார்கள். தேன் நிறம். ஓரம் மட்டும் கருப்பட்டி நிறம். சத்தியமாகச் சொல்கிறேன், அவ்வளவு அழகான பொருளை அந்த வீட்டில் நான் பார்த்ததே இல்லை. அண்ணன் எதிரே தரையில் உட்கார்ந்திருந்தார். முகத்தில் சந்தோஷம் இருந்தது, கொஞ்சம் பயமும் இருந்தது.

"நூத்தி முப்பத்திரண்டும் பாத்தேம்மா. ஒண்ணுகூட இரையல" என்றார்.

"அப்புறம் என்னண்ணா?"

"ஒண்ணுமில்ல. பக்கத்துல இன்னொரு கடை இருந்துச்சு. அங்க போகாம வாங்கிட்டேன்."

புதன்கிழமை அந்தக் கடையைப் பற்றியே பேசினார். வியாழக்கிழமை சாப்பிடவில்லை. வெள்ளிக்கிழமை அக்கா என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்: பில்லின் பின்பக்கம், திங்கட்கிழமைக்குள் கொண்டுவந்தால் திருப்பி எடுத்துக்கொள்வோம் என்று கடை முத்திரை. அண்ணன் அந்தப் பில்லைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு அலைகிறாராம். "இத மட்டும் திருப்பிக் குடுத்தாருன்னு வச்சுக்க, இந்த ஜென்மத்துல இந்த மனுஷன் எதையும் வச்சுக்க மாட்டாரு. கடைசி வரைக்கும் கடை கடையா ஏறி எறங்கியே காலம் போயிடும்" என்றார் அக்கா. அவர் குரல் உடைந்ததை அன்றைக்குத்தான் முதல் தடவை கேட்டேன்.

சனிக்கிழமை அண்ணனே வழி கண்டுபிடித்தார். எங்கள் சர்ச்சில் யார் புதுசாக பைக் வாங்கினாலும், கம்ப்யூட்டர் வாங்கினாலும், கொண்டுவந்து வைத்து போதகரிடம் ஜெபம் பண்ணிக்கொள்வது வழக்கம். "நாளைக்கு கிட்டார ஜெபத்துக்கு வச்சுடறேம்மா. ஜெபம் பண்ணுன பொருள எந்த முகத்த வச்சுக்கிட்டு கடையில திருப்பிக் குடுக்குறது? முடியாதுல்ல?" என்றார். தன்னையே கட்டிப்போட ஒரு கயிறு கிடைத்த நிம்மதி அந்த முகத்தில். நானும் நல்ல யோசனை என்று தலையாட்டினேன். மறுநாள் எங்களுக்கு அறுப்பின் பண்டிகை என்பது இரண்டு பேருக்கும் உறைக்கவில்லை. உறைத்திருந்தாலும் நான் என்ன பெரிதாக யோசித்திருக்கப் போகிறேன்.

அறுப்பின் பண்டிகை அன்றைக்கு, விளைச்சலில் ஒரு பங்கு என்று எல்லோரும் காணிக்கை கொண்டுவந்து பலிபீடத்துக்கு முன்னால் வைப்பார்கள். செம்பாக்கத்தில் யாருக்கு விளைகிறது? அதனால் வாழைத்தார், சேவல், கேக், பிரஷர் குக்கர் என்று எல்லாம் வரும். ஆராதனை முடிந்ததும் வெளியே பந்தலில் ஏலம். எலுமிச்சம்பழம் ஆயிரத்துக்குப் போகும், எல்லாம் சர்ச்சுக்குத்தானே என்று. சர்ச் ஆட்கள் மட்டுமில்லை, ஊரே வரும். ஹார்டுவேர் கடை பாய் வருஷம் தவறாமல் சேவல் எடுக்க வருவார்.

அன்று காலையில் காணிக்கைகளுக்கு நம்பர் சீட்டு கட்டுகிற வேலை எனக்கு. கட்டிக்கொண்டே அண்ணனின் கிட்டார் பையைத் தேடினேன். கறுப்புப் பை, கடையில் இலவசமாகக் கொடுத்தது, எனக்குத் தெரியும். எங்கேயும் காணோம். போச்சு, மனுஷன் மறுபடியும் மனசு மாறிவிட்டார் என்று எனக்கு ஒரே எரிச்சல். அந்த எரிச்சலோடு, ஓரமாக வெள்ளைப் போர்வையில் சுற்றிச் சாத்தியிருந்த நீள மூட்டைக்கும் ஒரு சீட்டைக் கட்டினேன். கரும்பு என்று நினைத்தேன். நம்பர் இருபத்தேழு.

பந்தலில் ஏலம் விட்டவர் சர்ச் செயலாளர். ரயில்வேயில் இருந்து ரிடையர் ஆனவர், மைக் இல்லாமலே குரல் பல்லாவரம் வரைக்கும் கேட்கும். "நம்பர் இருபத்தேழு!" என்று சொல்லிப் போர்வையை உருவினார். தேன் நிறம், கருப்பட்டி ஓரம். அண்ணனின் கிட்டார்!

"பாருங்க சபையாரே! பேருகூடச் சொல்லாம ஒரு குடும்பம் இவ்ளோ பெரிய காணிக்கை குடுத்திருக்கு! ஸ்தோத்திரம்!"

பந்தல் முழுக்கக் கைதட்டல். நான் ஓடிப்போய், "அங்கிள், இது காணிக்கை இல்ல, ஜெபத்துக்கு வச்சது" என்றேன். அவர் சீட்டைத் தூக்கிக் காட்டினார். "இது உன் கையெழுத்துதானம்மா?" என் கையெழுத்துதான். ஏழுக்கு நான் குறுக்கே கோடு போடுவேன்.

விழுந்தடித்துச் சமையல் பக்கம் ஓடினேன். அண்ணன் பந்தி பரிமாறச் சாம்பார் வாளியோடு நின்றிருந்தார், பக்கத்தில் அக்கா. மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னேன். "பை எங்கண்ணா? ஏன் பையில வைக்கல?" என்று அவரையே திட்டவும் திட்டினேன்.

"பையில ஜிப்பு சரியில்லம்மா. பைய மட்டும் நேத்தே திருப்பிக் குடுத்துட்டேன்" என்றார்.

அக்கா நெற்றியில் அடித்துக்கொண்டார். மூன்று பேரும் ஓடினோம். அண்ணன் கையில் சாம்பார் வாளி அப்படியே இருந்தது.

"சொல்லுங்கண்ணா, உங்களுதுன்னு சொல்லுங்க" என்றேன்.

"எப்பிடிம்மா? கை தட்டிட்டாங்களே. தட்டுன கைய எப்பிடித் திருப்பி வாங்குறது?"

அதற்குள் முன்வரிசையில் இருந்து பாய் அண்ணனைப் பார்த்துவிட்டார். "எம் பொண்ணு காலேஜ் பேண்டுல சேந்துகினு, கிட்டாரு வோணும்னு ஒரே பேஜாரு பண்ணுது. நமக்கு இதப் பத்தி இன்னா தெரியும்? இதோ சாரு கீறாரே! எங்கடையில ஒரு கொயாகூட இவுருக்குப் புடிச்சதில்ல. இவுரு நல்லா கீதுன்னு ஒரு வார்த்த சொல்லட்டும், நான் எடுத்துக்கறேன்!"

பந்தல் மொத்தமும் அண்ணன் பக்கம் திரும்பியது. செயலாளர் கிட்டாரை நீட்டினார். "ரிஜெக்ட்னு சொல்லுங்கண்ணா" என்று அவர் முதுகுக்குப் பின்னால் இருந்து கிசுகிசுத்தேன். ஒரே ஒரு சொல். வாழ்நாள் முழுக்க எல்லாவற்றுக்கும் சொன்ன சொல். அதைச் சொன்னால் பாய் ஒதுங்கிவிடுவார், சல்லிசாக எடுத்துவிடலாம்.

அண்ணன் சாம்பார் வாளியைக் கீழே வைத்தார். கையை வேட்டியில் துடைத்தார். கிட்டாரைக் கையில் வாங்கினார். பார்த்தார். ஒற்றைக் கண்ணை மூடவில்லை, இரண்டு கண்ணாலும் பார்த்தார்.

"நல்ல பொருள் பாய்" என்றார். "கழுத்து நேரா இருக்கு. ஒரு எடத்துலகூட இரையாது. நானே பாத்தது. இதுல ஒரு குறையும் இல்ல. ஆயுசுக்கும் வரும்."

பாய் பட்டென்று கையைத் தூக்கி ஒரு தொகையைச் சொன்னார். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

"கேளுங்க!" என்றார் அக்கா. அண்ணன் கிட்டாரையே பார்த்துக்கொண்டு நின்றார். "வாயத் தொறந்து கேளுங்கன்னா!" அக்கா ஒரு தள்ளு தள்ளினார். அண்ணன் கேட்டார். பாய் ஏற்றினார். அண்ணன் ஏற்றினார். சொந்தப் பொருளுக்கு சொந்தக்காரனே ஏலம் கேட்கிற கூத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. "ஒரு தரம்! ரெண்டு தரம்!" என்று செயலாளர் இழுப்பார், பாய் கையைத் தூக்குவார். சபைக்கு ஒரே குஷி. வாங்கிய விலையில் பாதியைத் தாண்டியது. அண்ணன் குரல் மட்டும் ஒவ்வொரு தடவையும் பெரிதாகிக்கொண்டே போனது. கடைசியில் அவர் கேட்கவில்லை, கத்தினார். அந்த மனுஷன் கத்தி அன்றைக்குத்தான் கேட்டேன்.

பாய் தூக்கப்போன கையை இறக்கிவிட்டார். "வுடுங்க சார். அந்தாளு கண்ணுல தண்ணி வுட்டுகினு கீறாரு. நமக்கு சேவல் போதும்" என்றார்.

மூன்று தரம். கைதட்டல். அண்ணன் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு பந்தல் ஓரம் வந்து, மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். நான் போய், "அண்ணா, சீட்டு கட்டுனது நான்தாண்ணா. மன்னிச்சுடுங்கண்ணா. ரெண்டு தடவ காசு குடுக்க வச்சுட்டேன்" என்று அழுதேவிட்டேன்.

"சும்மா இரும்மா" என்றார். பையிலிருந்து கடைப் பில்லை எடுத்து நாலாகக் கிழித்தார். "செவ்வாக்கெழம வாங்குனப்ப, இதவிட நல்லது எங்கயாச்சும் இருக்குமோன்னுதான் இருந்துச்சு. இன்னிக்கு பாய் கையத் தூக்குனப்ப, எவ்ளோ நல்லது எங்க இருந்தா எனக்கென்ன, எனக்கு இதுதான் வேணும்னு ஆயிடுச்சு. இப்பதாம்மா இது என்னுது."

அக்கா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அதற்குள் விஷயம் எப்படியோ போதகர் காதுக்குப் போய், பதறிப்போய் வந்தார். கூடவே பாதிச் சபையும் வந்தது. "தம்பி, ஜெபத்துக்கு வச்சதாமே, எனக்குத் தெரியாமப் போச்சே. வாங்க, இப்பவே கிட்டாருக்கு ஜெபம் பண்ணிடுவோம்" என்று கையை நீட்டினார்.

அண்ணன் கிட்டாரைக் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"கிட்டாருக்கு வேணாங்கய்யா. அது நல்லாத்தான் இருக்கு" என்றார். பிறகு எங்கள் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்து, குரலைத் தாழ்த்தினார். "எனக்குப் பண்ணுங்கய்யா. கடையில டெஸ்ட் பண்ற அளவுக்குத்தான் வாசிப்பேன். ஒரு பாட்டுகூட முழுசாத் தெரியாது."

போதகர் சிரிப்பை அடக்கிக்கொண்டு அவர் தலைமேல் கையை வைத்தார். அண்ணன் கண்ணை இறுக மூடிக்கொண்டார். ஜெபம் முடிந்தபோது அக்கா சொன்ன ஆமென் மட்டும் பந்தலைத் தாண்டி சேவல் கூடைவரைக்கும் கேட்டது.